டெஹானு: கோபப்பட்டவர்கள் சரியாகத்தான் படித்தார்கள்

உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் நான்காவது புத்தகம் 'டெஹானு'. 1990-ல் வந்தது. இதைப் படித்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டுப் பாருங்கள், நடுநிலையாக ஒரு பதில் வருவது அபூர்வம். வரிசையிலேயே இதுதான் உச்சம் என்பார்கள், அல்லது எர்த்ஸீயை அவரே கெடுத்துவிட்டார் என்பார்கள். "பரவாயில்லை, ஒருதரம் படிக்கலாம்" என்று சொன்ன ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பொதுவாக இந்தச் சண்டையில் புகழ்பவர்கள் கூர்மையான வாசகர்கள் என்றும், திட்டுபவர்கள் டிராகனும் மந்திரச் சண்டையும் கிடைக்காத ஏமாற்றத்தில் கத்துகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாவலில் என்ன நடந்தது என்பதைக் கோபப்பட்டவர்கள்தான் துல்லியமாகக் கவனித்தார்கள். புகழ்ந்தவர்களில் நிறையப் பேர் அதை மென்மையான, ஞானமான, முதிர்ச்சியான புத்தகம் என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அது அவ்வளவு மென்மையான புத்தகம் இல்லை.

(கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. படிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.)

முதல் மூன்றையும் வேகமாகப் பார்த்துவிடலாம். 1968-ல் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. கோண்ட் தீவில் ஆடு மேய்த்த பையன் கெட், ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியில் படித்து, திமிரில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, கடைசியில் அதைத் தன் பெயர் சொல்லியே அழைத்து ஏற்றுக்கொள்கிற கதை. 1971-ல் 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்'. நிலத்தடிக் கல்லறைகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்பட்ட டெனார் என்ற சிறுமி, அங்கே வந்து மாட்டிக்கொண்ட கெட்டோடு வெளியேறுகிறாள். 1972-ல் 'தி ஃபார்தஸ்ட் ஷோர்'. உலகிலிருந்து மந்திரம் வடிந்துகொண்டிருக்கிறது. கெட் இப்போது ரோக்கின் தலைமை மந்திரவாதி. இளவரசன் ஒருவனோடு செத்தவர்களின் வறண்ட நாட்டுக்குள் போய், அங்கே திறந்து கிடக்கும் கதவை அடைக்கிறார். அதற்குத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறார். கலெஸ்ஸின் என்ற கிழட்டு டிராகன் அவரைச் சுமந்துகொண்டு கோண்டுக்குப் பறக்கிறது. இளவரசன் லெபான்னென் அரசனாகிறான். சுபம்.

அதோடு பதினெட்டு வருஷம். முத்தொகுதி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாவது புத்தகத்துக்கு 1973-ல் அமெரிக்க தேசியப் புத்தக விருதின் சிறார் இலக்கியப் பரிசும் கிடைத்துவிட்டது. கதவு அடைபட்ட கதை, அடைபட்டபடியே இருந்தது.

1990-ல் நான்காவது வந்தபோது, வாசகர்களுக்குப் பதினெட்டு வருஷம் போயிருந்தது. கெட்டுக்கோ ஒரு நாள்கூடப் போகவில்லை. டிராகன் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. 'டெஹானு'வில் அது கோண்டின் மலைமுகட்டில் இறங்கி, பாதிச் செத்த ஒரு மனிதரை டெனாரின் முன்னால் போட்டுவிட்டுப் போகிறது.

அந்த டெனார் இப்போது நடுவயதுக்காரி. ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளை பெற்று, புருஷனையும் இழந்தவள். ஊரார் அவளைக் கோஹா என்று கூப்பிடுகிறார்கள். அவளிடம் ஒரு குழந்தை வளர்கிறது. பெயர் தெர்ரு. பெற்றவர்களும் கூட இருந்தவர்களுமே நெருப்பில் தள்ளிவிட்ட குழந்தை. முகத்தில் ஒரு பாதியும் ஒரு கண்ணும் ஒரு கையும் கருகிப்போயிருக்கின்றன. ஊரில் யாரும் அவளை நேராகப் பார்ப்பதில்லை.

முதல் மூன்று புத்தகங்களில் உலகத்தின் தீமைக்குப் பெரிய பெரிய உருவங்கள் இருந்தன: பெயரில்லாத நிழல், பூமிக்கடியில் இருக்கும் பழைய சக்திகள், சாகாமல் இருக்க ஆசைப்பட்ட மந்திரவாதி. இங்கே தீமை என்பது நாலைந்து நாடோடி ஆண்கள், ஒரு குழந்தை, ஒரு சமையல் நெருப்பு. இதைத்தான் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொன்னார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் அதுதான் அதிகம் கேட்கிற குற்றச்சாட்டு. ஆடு, பாலாடைக்கட்டி, பாத்திரம், கம்பளி நூற்பது, பீச் மரம், கிணற்றடிப் பேச்சு, இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது என்கிறார்கள். போகிறது, உண்மைதான். ஆனால் அதைப் படிக்கும்போது உடம்பில் ஏறுகிற பயத்தை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை? குழந்தையைச் சிதைத்த கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் அதே ஊர்ப்பக்கம் திரிகிறான். டெனார் ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டோமா என்று யோசிக்கிறாள். எந்த ஜன்னல் சரியாக மூடாது என்று அவளுக்குத் தெரியும். கடலில் டிராகனை எதிர்கொண்ட கெட்டுக்காக நான் இவ்வளவு பயந்ததில்லை. டிராகனிடம் கெட்டுக்கு வார்த்தை இருந்தது, கோல் இருந்தது. டெனாரிடம் ஒரு வெட்டுக்கத்தி இருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் வீட்டுக்கு வருகிற ராத்திரியில் உதவிக்கு வருகிற கெட்டின் கையில் இருப்பதும் மந்திரக்கோல் இல்லை, வைக்கோல் அள்ளுகிற கவைக்கோல். அதைக் கொண்டு ஒருவனைக் குத்துகிறார். குத்தியதற்குப் பிறகு அதில் பெருமையும் இல்லை. காயம்பட்டவனை வீட்டுக்குள் கிடத்தி, ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது கோபம்தான் எனக்கு முக்கியமானது. "எங்கள் கெட்டை என்ன செய்துவிட்டீர்கள்?"

நியாயமான கேள்வி. முதல் மூன்று புத்தகத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படித்த ஒருவருக்கு கெட் சும்மா ஒரு பாத்திரம் இல்லை. பயந்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று கற்றுக்கொடுத்த ஆள். அந்த ஆள் இங்கே ஐம்பது வயசுக்கு மேல், அழுகிறார், வெட்கப்படுகிறார், யார் கண்ணிலும் படாமல் ஒளிகிறார். மந்திரம் போனது பற்றி டெனார் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அரசனின் தூதர்கள் அவரைத் தேடி வருகிறார்கள் என்றதும் மலைமேல் ஓடிப்போய் மறுபடி ஆடு மேய்க்கிறார். பழைய வாசகருக்கு இது அவமானமாகத்தான் தெரியும்.

ஆனால் அந்தத் தூதர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கெட்டவர்கள் இல்லை. ரொம்ப மரியாதையானவர்கள். முடிசூட்டு விழாவுக்கு அவர் வந்தே ஆகவேண்டும், உலகத்தைக் காப்பாற்றிய மனிதரைக் கௌரவிக்க வேண்டும், அதுதான் அவர்கள் ஆசை. அவர் ஏன் வர மாட்டார் என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை. டெனார் அவர்களிடம் அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல மறுக்கிறாள். எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. அந்தத் தூதர்கள் நாம்தான். பதினெட்டு வருஷம் காத்திருந்து, நல்ல மனசோடு, "வாருங்கள், பழையபடி நில்லுங்கள்" என்று வாசலில் வந்து நிற்கிறோம். அவள் கதவைத் திறக்கவில்லை.

இதற்கு இன்னொரு பின்னணி உண்டு. மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் புரட்டினால் லெ குவின் அங்கே கெட்டுக்கு ஒரு முடிவு இல்லை, இரண்டு முடிவு கொடுத்திருப்பது தெரியும். புலவர்கள் பாடுகிற கதையில் கெட் முடிசூட்டுக்கு வந்து, பின் தன் சின்னப் படகில் ஏறி மேற்கே கடலுக்குள் மறைகிறார். கோண்ட் தீவுக்காரர்கள் சொல்கிற கதை வேறு: அரசன் தேடி வந்தபோது அவர் அங்கே இல்லை, மலைக்காட்டுக்குள் நடந்து போய்விட்டார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிட்டார். வாசகர்களில் பெரும்பாலோர் முதல் கதையை மனசில் வைத்துக்கொண்டார்கள். படகு, கடல், சூரியாஸ்தமனம், யாருக்குத்தான் பிடிக்காது? 'டெஹானு' ஊர்க்காரர்கள் சொன்ன கதையை எடுத்துக்கொண்டது. ஆகவே "1990-ல் திடீரென்று மாற்றிவிட்டார்" என்று சொல்ல முடியாது. 1972-லேயே அந்தப் பாதை போட்டாகிவிட்டது, நாம் அதில் நடக்கவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு, பெண்ணியத்தைக் கொண்டுவந்து திணித்துவிட்டார் என்பது. இது ஓரளவு உண்மை, ஓரளவு சோம்பேறித்தனம்.

உண்மை என்னவென்றால், லெ குவின் இதை மறைக்கவே இல்லை. 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 'எர்த்ஸீ ரிவிஷன்ட்' என்று ஒரு உரை நிகழ்த்தினார். வீரகதை என்ற வடிவமே ஆண்களுக்கானதாக இருந்தது, தானும் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன் என்று நேராகவே பேசியிருக்கிறார். நாவலிலும் சில இடங்களில் அந்தக் குரல் கதாபாத்திரத்தின் தோளைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. ஆணின் சக்தி என்ன, பெண்ணின் சக்தி என்ன என்று டெனாரும் பாசிக்கிழவியும் உட்கார்ந்து பேசுகிற பகுதிகள் (ஊர்ச் சூனியக்காரிக்கு 'மாஸ்' என்று பெயர், பாசி என்பதுதான் அர்த்தம்) சிலது அருமை, சிலது பாடம். கிழவி ஆண் மந்திரவாதியைக் கொட்டைக்கும் ஓட்டுக்கும் ஒப்பிட்டுப் பேசுவது அருமையில் சேர்த்தி.

சோம்பேறித்தனம் எங்கே வருகிறது என்றால், இது வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொல்வதில். முதல் புத்தகத்திலேயே பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று எர்த்ஸீ மக்கள் சொல்லும் பழமொழி இருக்கிறது. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பையன்கள் படிக்கிறார்கள், ஆண்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கெட்டுக்கு முதல் மந்திரச் சொல் சொல்லிக்கொடுத்தது ஒரு சூனியக்காரி அத்தைதான், அவளைக் கதை இரண்டாம் அத்தியாயத்துக்குள் மறந்துவிடுகிறது. இதெல்லாம் கட்டப்பட்ட உலகம். கட்டியவரும் அவரேதான். 'டெஹானு'வில் அவர் புதிதாகச் சுவர் எதுவும் எழுப்பவில்லை. இருந்த சுவரை அதன் மறுபக்கம் நின்று பார்த்தார்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். மந்திரவாதிகள் ஏன் யாரும் கல்யாணம் செய்வதில்லை? முதல் மூன்று புத்தகத்தில் இந்தக் கேள்வியே எழாது. எனக்கும் எழவில்லை, படித்த நண்பர்கள் யாருக்கும் எழவில்லை. நான்காவதில் பாசிக்கிழவி காரணம் சொல்கிறாள்: அவர்கள் தங்கள்மேல் ஒரு கட்டுமந்திரம் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அந்த நினைப்பே வராது. டெனார் அதைக் கேட்டுத் திகைக்கிறாள், ஏனென்றால் கெட்டை அந்த மாதிரி அவள் நினைத்ததே இல்லை. நமக்கும்தான் நினைப்பு வரவில்லை. மந்திரம் நம்மேலும் வேலை செய்திருக்கிறது! பின்னால் வந்து ஒட்டிய விளக்கமாக இருக்கலாம். ஆனாலும் ஒட்டியது தெரியாமல் ஒட்டியிருக்கிறார் பாருங்கள்.

தொடர்ச்சி எழுதுகிற ஆசிரியர் பழைய புத்தகத்தோடு முரண்பட நேரும்போது என்ன செய்யலாம் என்பதற்கு ஃபேன்டஸி உலகில் இன்னொரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937-ல் வந்தபோது, விடுகதைப் போட்டியில் தோற்ற கொல்லம் கண்ணியமாக நடந்துகொள்ளும். மோதிரத்தையே பரிசாகத் தருவதாகத்தான் சொல்லியிருக்கும். அது காணவில்லை என்றதும் மன்னிப்புக் கேட்டு, பில்போவுக்கு வெளியே போகிற வழியைக் காட்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுத ஆரம்பித்ததும் அந்த மோதிரம் யாரும் மனசார விட்டுக்கொடுக்க முடியாத பொருளாகிவிட்டது. ஆகவே 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதிவிட்டார். கொல்லம் இன்றைக்கு நமக்குத் தெரிந்த கொல்லம் ஆனது. இன்று படிப்பவர்களில் பலருக்குப் பழையது ஒன்று இருந்ததே தெரியாது. யாருக்கும் கோபமும் இல்லை.

லெ குவின் அந்த வழியில் போகவில்லை. அவர் பழக்கமே வேறு. 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் ஆண்-பெண் பேதமில்லாத மக்களுக்கு ஆண்பால் பிரதிப்பெயரையே பயன்படுத்தியதைப் பலர் கண்டித்தார்கள். 1976-ல் அதை நியாயப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் கருத்து மாறியது. பழைய கட்டுரையைத் தூக்கிப் போடவில்லை. அதை அப்படியே வைத்து, பக்கத்திலேயே "இப்போது இப்படி நினைக்கிறேன்" என்று குறிப்புகள் சேர்த்து வெளியிட்டார். இரண்டு வயசு லெ குவினும் ஒரே தாளில் பேசுகிறார்கள். 'டெஹானு' எர்த்ஸீக்கு எழுதிய அந்த மாதிரியான ஓரக்குறிப்புதான். முதல் மூன்று புத்தகத்தில் ஒரு வரியும் அழிக்கப்படவில்லை. முதல் புத்தகத்தின் கெட் இன்னும் அங்கே நிற்கிறான், யாரும் தொடவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், சத்தமில்லாமல் அழித்து எழுதினவர் மேல் நமக்குக் கோபமில்லை, அழிக்காமல் பக்கத்தில் எழுதினவர் மேல்தான் கோபம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னால் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் கோபப்பட்டவர்கள் சரியாகப் படித்தார்கள் என்கிறேன். தங்களிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. கெட்டிடமிருந்து பறிபோனதும் அதுவேதான். சக்தி போன பிறகு ஒரு ஆள் என்னவாக இருப்பான் என்று புத்தகம் கேட்கிறது. "எனக்கு அந்த ஆள் வேண்டாம், பழைய ஆள்தான் வேண்டும்" என்கிற வாசகர், புத்தகத்துக்குள் கெட் சொல்கிற அதே வாக்கியத்தைத்தான் வெளியில் நின்று சொல்கிறார். அவருக்கும் தன் பழைய ஆள்தான் வேண்டும்.

புகழ்பவர்களோடு எனக்கு இருக்கிற சண்டை வேறு. கடைசி இருபது பக்கத்தைப் பற்றி அவர்கள் வாயே திறப்பதில்லை.

புத்தகம் முழுக்கச் சொல்லிவந்தது என்ன? வெறும் கையோடு வாழ முடியும், யாரும் பார்க்க விரும்பாத குழந்தைக்கு எந்த விசேஷமும் இல்லாமலே மதிப்பு உண்டு. டெனாரின் மகன் ஸ்பார்க் கடலிலிருந்து வருகிறான், சட்டப்படி பண்ணை அவனுடையது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது பெண்கள் வேலை என்பது அவன் எண்ணம். அம்மா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்து, இவனை நான் எப்படி வளர்த்தேன் என்று யோசிக்கிறாள். எந்த மந்திரமும் தீர்க்க முடியாத, யார் வீட்டிலும் நடக்கக்கூடிய அந்தச் சின்ன வலியை விடவா ஒரு வில்லன் தேவை? ஆனால் வில்லன் வருகிறான். ஆஸ்பென் என்ற மந்திரவாதி. பெண்கள் மேல் வெறுப்பைத் தவிர அவனிடம் ஒன்றுமே இல்லை. முந்தைய புத்தகங்களின் எதிரிகளுக்கு இருந்த ஆழத்தில் கால்வாசி கிடையாது. டெனாரையும் கெட்டையும் நாய்மாதிரி கட்டி இழுத்துக்கொண்டு மலைவிளிம்புக்குப் போகிறான். தெர்ரு டிராகனைக் கூப்பிடுகிறாள். கலெஸ்ஸின் வந்து எல்லோரையும் எரித்துவிடுகிறது. தெர்ருவின் மெய்ப்பெயர் டெஹானு என்று தெரிகிறது, அவள் டிராகன் இனத்தவள் என்றும் தெரிகிறது.

தயாரிப்பு இல்லாமல் இல்லை. ஓகியன் சாகும்போதே குழந்தையிடம் எதையோ பார்த்துவிடுகிறார். மனிதர்களும் டிராகன்களும் ஆதியில் ஒரே இனம் என்கிற கெமே ஊர்க் கிழவியின் கதை ஆரம்பத்திலேயே வருகிறது. ஒரு விசிறியின் ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் டிராகன்கள், வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிற ஓவியமும் வருகிறது. அழகான படிமம். கதைத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு இடிப்பது வேறு. தெர்ரு வெறும் தெர்ருவாகவே இருந்திருந்தால்? ஒரு கண்ணும் ஒரு கையும் கொண்ட, மெல்லப் பேசுகிற, டிராகனுக்குச் சொந்தமில்லாத ஒரு குழந்தையாகவே? அப்போது நாம் அவளை நேசிக்க வேறு காரணம் கிடைத்திருக்காது. சக்தி இல்லாமலும் இருக்கலாம் என்று இருநூறு பக்கம் கெட்டுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம், குழந்தை விஷயத்தில் கடைசி நிமிஷத்தில் தைரியம் இழந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. சாம்பலுக்குள் ராஜகுமாரி இருந்தாள் என்கிற பழைய கணக்கே திரும்பி வந்துவிட்டது. இந்த ஓர் இடத்தில் பழைய வாசகர்கள் கேட்டதை லெ குவின் கொடுத்துவிட்டார்: டிராகன், நெருப்பு, எதிரி காலி. அவர்கள் அப்போதும் திருப்திப்படவில்லை என்பது தனிக் கதை. புகழ்ந்தவர்களாவது கேட்டிருக்க வேண்டாமா? 1990-ம் ஆண்டு நாவலுக்கான நெபுலா விருது கிடைத்ததும் கேள்வி கேட்கிற ஆர்வம் குறைந்துவிட்டதோ என்னவோ.

இன்னொன்று, இது குறிப்பாக இப்போது படிக்கிறவர்களுக்கு. 2018-ல் சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு எர்த்ஸீ முழுவதும் ஒரே கனத்த தொகுப்பாக வந்துவிட்டது. மூன்றாவது முடிந்த கையோடு பக்கத்தைத் திருப்பினால் நான்காவது. ஒரே வாரத்தில் படித்துவிட்டு "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். முப்பத்தொன்பதாவது வயதில் முதல் புத்தகத்தை வெளியிட்டவர், அறுபதைத் தாண்டி நான்காவதை வெளியிட்டார். முதல் வாசகர்களும் அந்த இடைவெளியில் வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, பெற்றவர்களை அடக்கம் செய்து, டெனாரின் வயதை நெருங்கியிருந்தார்கள். ஒரு வாரத்தில் அந்த இடைவெளி கிடைக்காது. மூன்றாவதை முடித்துவிட்டு வேறு ஏதாவது படியுங்கள், ரெண்டு மூணு வருஷம் போகட்டும். அவசரமே இல்லை.

'டெஹானு'வின் அட்டையில் எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம் என்று துணைத்தலைப்பு போட்டிருந்தார்கள். கடைசியாகவில்லை. 2001-ல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' கதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும் வந்தன. கெட்டுக்கு மந்திரம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அதை வாங்கினவர்களும் இருந்திருப்பார்கள். அதன் தொடக்கத்தில், கெட்ட கனவுகளால் தூக்கம் கெட்டுப்போன ஒரு ஆள், பழைய தலைமை மந்திரவாதியைத் தேடிக் கோண்ட் மலைமேல் ஏறி வருகிறான். அங்கே ஒரு கிழவர் ஏணியில் நின்று பிளம் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்.